சூலத்தைச் சுற்றி எழுந்த வீடுகள்

தஞ்சோங் கிளிங் கடலோரத்தில் ஒரு ஹோட்டலுக்குப் பின்னால் கார் நிறுத்துகிற மேடு இருக்கிறதே, அது நான் போட்டது. எனக்கு முன்னால் இரண்டு மண் வேலைக் குத்தகைக்காரர்கள் மண்ணைக் கொட்டிப் பார்த்துவிட்டு, கடல் தின்கிறது என்று ஓடிப்போன இடம். சுங்கை ரம்பாயில் மழைக்கு மழை அடுப்பு வரைக்கும் தண்ணீர் ஏறிய ஒரு கம்பத்துக்கு, அதாவது ஒரு மலாய்க் கிராமத்துக்கு, வாய்க்கால் வெட்டியவன் நான். ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குத் திடல் சமன் செய்து கொடுத்தேன். அதற்கு முன்னால் பையன்கள் பந்தை ஒரு உதை உதைத்தால் ரப்பர் மரத்துக்குள் போய்த் தேடிக்கொண்டிருப்பார்கள். செலண்டாரில் என் மாடி வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பேங்கில் கடன் கேட்கப் போனபோது கையெழுத்துப் போட வருமா என்று கேட்டார்கள். போங்கடா என்று வந்து, கையில் இருந்ததற்குத் தகுந்தபடி கல்லை வாங்கி வாங்கிக் கட்டினேன்.

பெருமைக்காகச் சொல்கிறாயா என்றால், ஆமாம், பெருமைக்குத்தான். எஸ்டேட்டில் ரப்பர் பால் வாளி தூக்கின பிள்ளை, மூன்றாம் வகுப்போடு நின்றவன், யாரோ ஓரங்கட்டின பழைய புல்டோசரை வாங்கித் தானே பிரித்துத் தானே மாட்டி மேலே வந்தவன். நான் பெருமைப்படாமல் வேறு யார் படுவது? ஆனால் நான் செய்ததிலேயே பெரிய வேலைக்குப் புல்டோசர் தேவைப்படவில்லை. ஒரு மண்வெட்டி கூடத் தேவைப்படவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஈயம் தோண்டின இடத்தை எங்கள் ஆட்கள் லம்பம் என்பார்கள். என் அக்கா குடியிருந்த எஸ்டேட்டை ஒட்டி அப்படி ஒரு லம்பம் இருந்தது. ஈயத்தின் விலை விழுந்ததும் சீன முதலாளி பம்பை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். பின்னால் கிடந்தது என்ன? கண் கூசுகிற வெள்ளை மணல் மேடு, பச்சைத் தண்ணீர்க் குட்டைகள், துருப்பிடித்த குழாய்கள், எண்ணெய் பீப்பாய்கள், மண் அலசுவதற்காக உயரத் தூக்கிக் கட்டியிருந்த மரத் தொட்டி. தொண்ணூறுகளில்தான் அதைத் துப்புரவு செய்ய அரசாங்கம் முடிவெடுத்தது. பெரிய கம்பெனி ஒன்று எடுத்த வேலை. அதில் மண் வேலை என் கைக்கு வந்தது.

அந்த வேலை சாதாரணமில்லை. மேலே பார்த்தால் காய்ந்த மண், காலை வைத்தால் இடுப்பு வரைக்கும் வெண்சேறு. என் இயந்திரம் ஒன்று அதில் உட்கார்ந்து, மரக்கட்டை அடுக்கி, சங்கிலி போட்டு, இன்னொரு இயந்திரத்தால் இழுத்து எடுத்தோம். இரும்பையெல்லாம் அப்புறப்படுத்தினேன். பீப்பாய்களைத் தனி லோரியில் ஏற்றினேன். சின்னக் குட்டைகளை மூடி, பெரிய குட்டைகளுக்குக் கரை சரித்தேன். முடிந்த அன்றைக்கு அந்த இடத்தில் நின்று பார்த்தால் முகம் மழித்த ஆள் மாதிரி இருந்தது.

சாலையோரமாக ஒரு நீளத் துண்டு மட்டும் கெட்டித் தரை. லம்பத்துத் தொழிலாளர்கள் தங்கியிருந்த கொங்சி வீடுகள் அங்கேதான் இருந்தன. அடியில் யாரும் தோண்டியதில்லை. அந்தத் துண்டை நான் ஆசை ஆசையாகச் சமன் செய்தேன். காரணம் இருந்தது.

அதே நேரத்தில்தான் எஸ்டேட் கைமாறியது. ரப்பரை வெட்டிவிட்டுத் தொழிற்பேட்டை வரப்போகிறது, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என் அக்கா பிறந்தது, பால் வெட்டியது, பிள்ளை பெற்றது எல்லாம் அந்த லயத்து வீட்டில். "என் வீட்டுக்கு வந்துடு அக்கா, மாடி சும்மாதான் கிடக்கு" என்றேன்.

"உன் மாடியில ஏறி எறங்க எனக்கு முட்டி இல்லடா" என்றார். "அதோட இவங்களையெல்லாம் எங்க கொண்டுபோய் விடுறது? எல்லாரையும் உன் மாடியில அடுக்குவியா?"

அக்கா இல்லாமல் லயம் இல்லை. லயம் இல்லாமல் அக்கா இல்லை. ஆகவே முடிவு செய்தேன்: அக்காவோடு சேர்த்து லயத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் அந்தக் கெட்டித் தரையில் வீடு வர வேண்டும்.

துப்புரவான நிலத்தை என்ன செய்வது என்று முதல் கூட்டம் எஸ்டேட் பாலர் பள்ளியில் நடந்தது. திட்டம் போடும் அதிகாரி ஒரு மலாய்ப் பெண், என் மூத்த மகள் வயது. சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டினார். பெரிய குட்டையில் மீன் பிடிக்கும் இடம், கரையில் பூங்கா, கெட்டித் தரையில் கோல்ஃப் பழகும் திடல்.

எங்கள் கூட்டத்தில் ஒருத்தர் எழுந்து, "புவான், நாங்க அங்க பந்து பொறுக்கவா?" என்று மலாயில் கேட்டார். புவான் என்றால் அம்மா, மரியாதைக்குச் சொல்வது. எல்லாரும் சிரித்தார்கள், அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். "இது முதல் வரைபடம்தான். யோசனை இருந்தால் சொல்லுங்கள்" என்றார்.

மறுநாளிலிருந்து நான் மாவட்ட அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். உள்ளே விடவில்லையென்றால் கேன்டீனில் உட்காருவேன். அவர் தே தாரேக் குடிக்க வராமலா போவார்? "புவான், கெட்டித் தரையில் வீடு. மணலில் காய்கறி, கொய்யா. குட்டையில் மீன், பூங்கா. கோல்ஃப் மட்டும் வேண்டாம்." இதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவருக்குத் தெரியாதது இல்லை. மண்ணைத் துளைத்துப் பார்த்த ரிப்போர்ட் அவர் மேசையில்தான் இருந்தது. எந்த இடம் வீட்டைத் தாங்கும் என்று என்னை விட அவருக்கு நன்றாகத் தெரியும். அவருக்கு வேண்டியது, விடாமல் கேட்கிற ஒரு ஆள். அந்த ஆள் நான்.

கடைசியில் ஒருநாள், "அங்கிள், உங்களைப் பார்த்தால் எனக்குத் தேநீர் இறங்கமாட்டேன் என்கிறது. அடுத்த வரைபடத்தில் வீடு போட்டுப் பார்க்கிறேன்" என்றார். நான் அந்தச் சந்தோஷத்தோடு சுங்கை ரம்பாய்க்கு வேறு வேலைக்குப் போனேன். அங்கேயே தங்கல். இங்கே நடந்தது எனக்குத் தெரியாது.

இனி என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர். எஸ்டேட் கோயில் தலைவர். நல்ல மனுஷன், ஆனால் தலைவர் என்று கூப்பிடாவிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். கோல்ஃப் என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. நான் அலுவலகத்துக்கு அலைவதெல்லாம் அவருக்கு வெட்டி வேலை. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வழி ஒன்று உண்டு. நிலம் பறிபோகும் என்று பயம் வந்தால் ஒரு சூலத்தை நடு, மஞ்சள் துணி கட்டு, எலுமிச்சம்பழம் குத்து. பிறகு எவனும் அந்த மண்ணில் கை வைக்க யோசிப்பான். மாமா அதைச் செய்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, லயமே திரண்டு போய், உறுமி அடித்து, பொங்கல் வைத்து நட்டார்கள். என் அக்காவுக்கு அருள் வரும். அன்றைக்கும் வந்தது. "இங்கதான்டா இருப்பேன்!" என்று தரையைக் காலால் உதைத்துச் சொன்னாராம்.

நான் திரும்பி வந்து பார்க்கிறேன். நான் சமன் செய்த கெட்டித் தரையின் நட்டநடுவில் சூலம். மேலே நாலு கம்பும் தகரக் கூரையும்.

"எப்படி மாப்ள?" என்றார் மாமா. "இனிமே கோல்ஃப் கம்பைத் தூக்கிட்டு வரட்டும், பாப்போம்."

"ஓரமா நட்டிருக்கக் கூடாதா மாமா?"

"ஓரமா நட்டா ஓரத்தைத்தான் விடுவான். நடுவுல நட்டாத்தான் முழுசும் நமக்கு. இதெல்லாம் மண்ணு தள்ளுறவனுக்குப் புரியாது."

அடுத்த கூட்டத்தில் எங்களுக்குப் புரிந்தது. அதிகாரி புது வரைபடத்தை விரித்தார். கோல்ஃப் இல்லை. மாமா மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் வீடும் இல்லை. கெட்டித் தரையில் ஒரே ஒரு மஞ்சள் கட்டம். அதைச் சுற்றிப் பச்சை, பக்கத்தில் கார் நிறுத்துமிடம்.

"வீடு எங்கே புவான்?" என்றேன்.

"அங்கிள், நான் வீடு போட்டுத்தான் வைத்திருந்தேன். அளக்கப் போனவர்கள் அங்கே கோயில் இருக்கிறது என்றார்கள். வழிபாட்டு இடம் என்றால் சுற்றிலும் இடம் விட வேண்டும், வண்டி நிறுத்த இடம் காட்ட வேண்டும். அந்தத் துண்டு அகலமில்லையே. கோயிலுக்கு விட்டது போக மிச்சத்தில் வீடு வைத்தால் திட்டமே கட்டுப்படியாகாது. உங்களுக்குக் கோயில்தான் முக்கியம் என்று நினைத்து அதற்கு நல்ல இடம் ஒதுக்கியிருக்கிறேன்." அந்த அம்மா மரியாதையாகத்தான் சொன்னார். எங்களுக்கு நல்லது செய்ததாகவே நினைத்தார். "வீடு வேண்டுமென்றால் கோயிலை நகர்த்திக் கொடுங்கள். அடுத்த கூட்டத்தோடு வரைபடம் மேலே போய்விடும். அப்புறம் நான் தொட முடியாது."

ஊரைக் காக்க நட்ட சூலம் ஊரையே வெளியே நிறுத்திவிட்டது. மாமா வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மஞ்சள் கட்டம் அவருக்குக் கோபுரத்தோடு தெரிந்திருக்கும்.

வெளியே வந்ததும் சண்டை. "நானே பிடுங்கி ஓரத்துல நடுறேன்" என்றேன்.

"கை வச்சுப் பாரு" என்றார் அக்கா. அருள் வந்து பேசவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் யாரும் என் பக்கம் வரவில்லை. எனக்கும், உள்ளதைச் சொன்னால், வாய் போன அளவுக்குக் கை போயிருக்காது.

"அப்ப நடுரோட்டுல நிக்கலாம்" என்றேன்.

"ஆத்தா சொன்னதை நான் மாத்த முடியுமாடா? அவகிட்டயே கேளு."

கேட்பதற்கு எங்களிடம் வழி உண்டு. பூக்கட்டிப் பார்ப்பது. வெள்ளைப் பூவை ஒரு இலையில், சிவப்புப் பூவை ஒரு இலையில், வெளியே தெரியாமல் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போட வேண்டும். ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் மறுப்பு. வழக்கமாகச் சின்னப் பிள்ளைதான் எடுக்கும். அதிலும் தகராறு. மாமா சொன்ன பிள்ளையை நான் நம்பவில்லை, நான் சொன்ன பிள்ளையை மாமா நம்பவில்லை. "இவன் குச்சி மிட்டாய் குடுத்துச் சொல்லி வச்சிருப்பான்" என்றார்.

கடைசியில் ஆசோவைப் பிடித்தோம். ஆசோ என்று எல்லாரும் கூப்பிடுகிற சீன அம்மாள், வயதானவர். லம்பம் ஓடிய காலத்தில் குட்டையில் இறங்கி, மரத் தட்டில் மணலை அலசி ஈயம் எடுத்தவர். லயத்துப் பெண்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார். சூலம் நட்ட மறுநாளே அதற்கு ஊதுபத்தி கொளுத்தியவரும் அவர்தான்.

"நான் எடுக்குறேன்லா" என்றார். "எனக்கு வீடு இருக்கு, வயசும் ஆச்சு. உங்க சாமிகிட்ட எனக்குக் கேக்க ஒண்ணும் இல்ல. ஆனா தோத்தவன் என்கிட்ட வந்து சண்டை போடக் கூடாது. போட்டா செருப்பு."

மறுநாள் காலையில் லயமே சூலத்தின் முன்னால் நின்றது. மாமா ஒரு பொட்டலமும் நான் ஒரு பொட்டலமும் மடித்து, இரண்டையும் அக்கா கையில் கொடுத்தோம். அக்கா முந்தானைக்குள் வைத்துக் குலுக்கிப் போட்டார். "தாயே, இடம் மாற உனக்குச் சம்மதமா?" என்று கேட்டார். ஆசோ குனிந்தார், ஒன்றை எடுத்தார், பிரித்தார்.

சிவப்பு.

யாரோ ஒரு பெண் விசும்பினார். சிலர் அப்படியே திரும்பி நடக்கத் தொடங்கினார்கள். மாமா ஜெயித்தவர்; ஆனால் அவருடைய முகத்திலும் ஈ ஆடவில்லை. கோயில் வந்துவிட்டது, கும்பிடப்போகிற ஆட்கள் ஆளுக்கொரு டவுனுக்குப் போகப்போகிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கும் உறைத்தது போல.

நான் நகரவில்லை. என் பிறவி அப்படி. சேற்றில் இறங்கின இயந்திரத்தை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னத் தெரியாது எனக்கு. சூலத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது அது? ஒரு குத்து மண்.

"அக்கா, நில்லு" என்றேன். "நாம இப்ப என்ன கேட்டோம்?"

"எடம் மாறுவியான்னு கேட்டோம்."

"மாட்டேன்னுட்டா. சரி. தனியா இருக்கணும்னு சொன்னாளா? சுத்திச் சுவர் வேணும்னாளா? கார் நிறுத்த எடம் கேட்டாளா? ஆத்தாகிட்ட கார் இருக்கா?"

ஆசோதான் முதலில் சிரித்தார்.

"அவ இருக்குற எடத்துலயே இருக்கட்டும்" என்றேன். "நாம அவளைச் சுத்தி வருவோம். இது கோயில்னாத்தான் எடம் விடணும். ஒரு வீட்டு வாசல்ல இருக்குற சாமின்னா? உன் வீட்டு வாசல்ல அவ இருந்தா யாரு என்ன சொல்லப் போறா?"

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். சின்ன வயதில் நான் திருடின மாங்காயில் பாதியைக் கொடுத்தால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

மாமாவுக்குப் புரிய நேரமாகவில்லை. "அப்ப கோயில் இல்லையா? கமிட்டி இல்லையா? எஸ்டேட் மாரியாத்தாளை டவுன் கோயில்ல சேர்க்கப் போறாங்க. இதுவும் வீட்டுச் சாமியாப் போனா நான் எதுக்குடா தலைவர்?"

"பூவை இன்னொரு தடவை போட்டுப் பாப்போம்" என்றார் யாரோ.

"வேணாம்" என்றார் அக்கா. "கேட்டதுக்குச் சொல்லிட்டா. கேக்காததுக்கு நமக்குப் புத்தி இருக்கு. அவ என் வாசல்ல இருப்பா, நான் கூட்டிப் பெருக்கி வெளக்கு வைக்கிறேன். தலைவரா நிக்கணும்னு ஆசைப்படுறவங்க ரோட்டுல போய் நிக்கட்டும்."

எங்கள் குடும்பத்தில் அக்கா சாதாரணமாகப் பேசினாலே அருள் வந்த மாதிரிதான்.

அன்றைக்கே அலுவலகம் போனேன். அதிகாரி நம்பவில்லை. "அங்கிள், இன்றைக்கு வீட்டுச் சாமி என்பீர்கள், நாளைக்கு மண்டபம் கட்டுவீர்கள், அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் என் தலையில் வந்து உட்காருவார்." நியாயமான பயம். நான் அக்காவையும் மாமாவையும் காரில் ஏற்றிக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினேன். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "மண்டபம் கிடையாது, கோபுரம் கிடையாது, பலகை கிடையாது. எங்க வீட்டு வாசல்ல ஒரு சூலம், அவ்வளவுதான்" என்று சொன்னார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அதற்காக அவரை மதிக்கிறேன், எழுதியும் வைக்கிறேன்.

அந்த அம்மா வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துப் பென்சிலை எடுத்தார். "ஒருத்தர் வீட்டு வாசலில் சாமி வைத்தால் அதற்கு நான் என்ன கலர் அடிப்பது? எல்லா வீடும் ஒரே கலர்தான்" என்றார். மஞ்சள் கட்டம் போயிற்று. மற்ற வீடுகளுக்குச் சீட்டுக் குலுக்க வேண்டும், சூலம் நிற்கிற அந்த ஒரு மனை மட்டும் அக்காவுக்கு என்று லயத்து ஆட்கள் அத்தனை பேரும் வந்து ஒத்துக்கொண்டார்கள். ஒருத்தர் முணுமுணுக்கவில்லை. ஆத்தாளோடு ஒரே வாசலில் குடியிருக்க எல்லாருக்கும் கொஞ்சம் பயம்தான்.

வரைபடம் மேலே போனது. வீடு வந்தது. மணலில் கொய்யாவும் வெண்டையும், குட்டையில் தூண்டில் போடுகிறவர்கள், கரையில் நடைபாதை. முதல் வீட்டுக்கு அடித்தளம் தோண்டியது யார் என்று கேட்கிறீர்களா? வேறு யார், நான்தான்.

அக்கா சாவி வாங்கிய அன்று பிரமுகர்கள் வந்து மாலை போட்டுக்கொண்டார்கள். மாமா மேடையேறினார். "ஆத்தாவே வழி காட்டினாள், ஊர் ஒற்றுமை ஜெயித்தது" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். என் பெயர் வரும் என்று கடைசி வரைக்கும் காத்திருந்தேன், வரவில்லை. சரி, மேடை நடுக்கத்தில் மறந்திருப்பார் என்று விட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அதுவே கதையாகிவிட்டது. இப்போது அங்கே குடிவந்த இளவட்டங்களைக் கேட்டால், சிவப்புப் பூ வந்ததும் அக்காவுக்கு அருள் வந்து "என்னைச் சுற்றி வீடு கட்டு" என்று சொன்னதாகச் சொல்கிறார்கள். அக்காவே சிரிக்கிறார். "விடேன்டா, யார் சொன்னா என்ன, வீடு இருக்குல்ல?" என்கிறார்.

விடமாட்டேன். அக்காவுக்கு வீடு போதும். எனக்கு அது போதாது.

குடியிருப்பு நுழைவாயிலில் கல் ஒன்று வைக்கப்போகிறார்களாம். அதில் வெட்டப்போகிற எழுத்தை மாமா எனக்குப் படித்துக் காட்டினார். பிரமுகர்கள் இருக்கிறார்கள், கோயில் முன்னாள் தலைவர் இருக்கிறார், ஊர்ப் பொதுமக்கள் இருக்கிறார்கள். நான் இல்லை. மாமா, ஆத்தாளுக்கு மேலே எழுதச் சொல்லவில்லை. உங்களுக்கு மேலேயும் வேண்டாம். உங்கள் விட்டுக்கொடுப்புக்கு முதல் இடம் கொடுங்கள், அந்த அதிகாரி அம்மாவையும் ஆசோவையும் சேருங்கள். அதற்குக் கீழே ஒரு வரி: சிவப்புப் பூ வந்த பிறகும் நகராமல் நின்று, சூலத்தைச் சுற்றி வீடு கட்டலாம் என்ற யோசனையைச் சொன்னவர் இன்னார் என்று என் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு வெட்டுங்கள். நடந்தது அதுதான். அன்றைக்கு அங்கே நின்றவர்கள் பாதிப் பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் கல்லை நடக் கூடாது.